விருப்பப் பாட ஒதுக்கீட்டுக்கு சிமுலேட்டட் அனீலிங்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்

அமெரிக்காவில் வேறோர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நண்பர், எங்கள் பள்ளியில் மாணவர்களுக்கு விருப்பப் பாடங்களை ஒதுக்கப் பயன்படும் சிமுலேட்டட் அனீலிங் (ஓர் ஒதுக்கீட்டைச் சமவாய்ப்பில் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிப் பார்த்து நல்லதைத் தேடும் கணினி முறை) நிரலைத் தங்கள் பள்ளிக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அது இயங்கும் விதம் அவருக்குத் தெரியும். அதனுடன் ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தினால் எப்படியிருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவருக்கு ஒரே ஒரு விருப்பப் பாடம் என்றால் இந்த வம்பே வேண்டாம். 1955-இல் ஹரால்டு கூன் வெளியிட்ட ஹங்கேரிய முறை, மிகச் சிறந்த ஒதுக்கீட்டைத் துல்லியமாகவே கண்டுபிடித்துத் தந்துவிடும். எங்கள் நிலை அதுவல்ல. இசைக்குழு, ரோபாட்டிக்ஸ், மட்பாண்டக் கலை போன்றவை நாளில் ஒரே ஒரு பீரியடில் மட்டும் நடப்பவை. அதே பீரியடில் ஒரே பிரிவுள்ள ஏபி பாடம் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) ஒன்றும் வந்து நின்றால், மாணவர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். எந்தப் பாடத்தை எந்தப் பீரியடில் வைப்பது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கப் புகுந்தால், துல்லியமான விடையை நியாயமான நேரத்துக்குள் பெறும் நம்பிக்கை போய்விடுகிறது. 1983-இல் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகிய மூவரும் முன்வைத்த சிமுலேட்டட் அனீலிங் முறையோ, தொடக்கத்தில் மோசமான மாற்றங்களையும் ஓரளவு ஏற்றுக்கொண்டு, 'வெப்பநிலை' என்ற கட்டுப்பாட்டு எண் குறையக் குறையக் கறாராகிறது. அதனால், நான்கு மாணவர்கள் வட்டமாக இடம் மாறி நால்வருமே முன்னைவிட விரும்பிய பாடத்தைப் பெறுவது போன்ற, கையால் போடுபவர் கண்ணில் படவே படாத பரிமாற்றங்கள் கிடைக்கின்றன. விருப்ப வரிசை எண்ணின் வர்க்கத்தை (முதல் விருப்பத்துக்கு 1, ஐந்தாவதுக்கு 25), நிரல் குறைக்க முயலும் தண்டப் புள்ளியாக வைத்தால், பலருடைய முதல் விருப்பத்துக்காக யாரோ ஒருவர் தலையில் ஐந்தாம் விருப்பத்தைக் கட்டுவதும் பெரிதும் குறைகிறது.

எரிச்சல் ஆகஸ்டில் தொடங்குகிறது. பட்டியல் வெளியான பிறகு புதிதாக ஒரு மாணவர் சேர்வார். அவரையும் சேர்த்து நிரலை மறுபடி ஓட்டினால், அவருக்குத் துளியும் தொடர்பில்லாதவர்களின் பாடங்கள் எல்லாம் மாறி வருகின்றன. ரேண்டம் சீடை (சமவாய்ப்பு எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை) மாற்றாமல் வைத்தாலும் பயனில்லை. உள்ளீட்டில் ஒரு வரி கூடியதுமே அதே சமவாய்ப்பு எண்கள் வேறு மாணவர்கள் மீது விழுகின்றன, தேடல் வேறு வழியில் போய்விடுகிறது. ஏறத்தாழ ஒரே தண்டப் புள்ளி பெறும் ஒதுக்கீடுகள் ஏராளமாக இருப்பதால், நிரலுக்கு அவற்றுள் பேதமில்லை. தன் பெயரை ரோபாட்டிக்ஸ் பட்டியலில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு உண்டு.

பழைய ஒதுக்கீட்டிலிருந்து குறைந்த வெப்பநிலையில் தொடங்கி, இடம் மாறும் ஒவ்வொருவருக்கும் கூடுதல் தண்டம் விதித்தால் இந்தக் கலவரம் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது தாமதமாக வந்தவருக்கு மிச்சம் மீதிதான் வாய்க்கும். அந்தத் தண்டம் எவ்வளவு என்பதை நிரல் சொல்வதில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

இதைவிட மோசமானது பெற்றோரின் தொலைபேசி அழைப்பு. "என் மகளுக்கு ஏன் ஒளிப்படக் கலை கிடைக்கவில்லை?" என்று கேட்பவரிடம், வேறு சீடு கொடுத்திருந்தால் கிடைத்திருக்கலாம் என்ற உண்மையை எந்த முகத்தோடு சொல்வது? குலுக்கலில் வரிசை எண் கொடுத்து, அந்த வரிசையில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால், உங்கள் மகளின் முறை வருவதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன என்று ஒரே வரியில் பதில் முடிந்திருக்கும். அந்தப் பதிலை யாரும் சரிபார்க்கவும் முடியும்.

ஒதுக்கீட்டின் தரத்தை மட்டும் பார்த்தால் குலுக்கல் இதன் பக்கத்தில்கூட நிற்காது. இருந்தும் நண்பருக்கு நான் எழுதப்போகும் பதில், வேண்டாம் என்பதுதான். எங்கள் பள்ளி இதைக் கைவிடப் போவதில்லை. மாணவர்களின் பாட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிக் கவுன்சிலர்களுக்குக் கோடையில் அவ்வளவு வேலை மிச்சமாகிறது. ஆகஸ்டில் தொலைபேசியை எடுப்பது அவர்கள் இல்லையே.