தினமும் பறப்பதா, ஒருமுறை பறப்பதா, பறக்காமலே போவதா: கனடா மலைகளில் மூன்று நடைப் பயணங்கள்

கால்கரியில் குடியிருப்பதால் ஜூன் பிறந்ததும் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். "பான்ஃப், லேக் லூயிஸ் எல்லாம் பார்த்தாச்சுங்க. பஸ் போகாத இடமா ஒண்ணு சொல்லுங்க. ஹெலிகாப்டர்ல கூட்டிட்டுப் போய் மலை மேல நடக்க விடுவாங்களாமே?"

விடுவார்கள். ஆனால் ஹெலிகாப்டர் எத்தனை முறை வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தினமும் பறக்கும் பயணம் உண்டு, ஒருமுறை மட்டும் பறப்பது உண்டு, பறக்காமலே போவதும் உண்டு. மூன்றிலும் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தினமும் பறக்க விரும்பினால் பக்கபூ மலைகள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பர்செல் தொடரில், பனியாறுகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் கிரானைட் கோபுரங்கள். சுரங்கம் தேடி வந்தவர்களால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நம் பாஷையில் சொன்னால் பூச்சாண்டி மலை. ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி 1965-ல் இங்கேதான் பனிச்சறுக்குக்காரர்களை ஹெலிகாப்டரில் உச்சிக்கு ஏற்றும் தொழிலைத் தொடங்கினார். அப்போது தங்கியது மரம் வெட்டுவோரின் பழைய முகாமில். லாட்ஜ் பிறகுதான் வந்தது. 1978-ல் அவருடைய நிறுவனம் கோடையிலும் ஆட்களை ஏற்றி நடக்கவிட ஆரம்பித்தது. ஹெலி-ஹைக்கிங் என்று அதற்குப் பெயர்.

காலை உணவு முடிந்ததும் பத்துப் பேர் போல ஒரு குழு. பைகளை ஒரே குவியலாகப் போட்டு, தொப்பியைக் கழற்றி, அதைச் சுற்றி முழங்காலிட்டுக் குனிந்து உட்காரச் சொல்வார்கள். ஹெலிகாப்டர் கைக்கு எட்டிவிடும் போலப் பக்கத்தில் வந்து இறங்கும். வால் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது. அங்கே சுழலும் விசிறி கண்ணுக்கே தெரியாது. சில நிமிடங்களில் மரம் வளரும் எல்லைக்கு மேலே ஒரு முகட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு விழும் அமைதிக்காகவே ஒருமுறை போகலாம். ஒரு சரிவை நடந்து முடித்ததும் வழிகாட்டி ரேடியோவில் கூப்பிட, அது திரும்பி வந்து வேறொரு முகட்டுக்குத் தூக்கிப் போகும்.

இதன் உண்மையான பலம் சொகுசு அல்ல. முழங்கால் வலிக்கும் அம்மாவை ஒரு குழுவோடு சமவெளிப் புல்வெளியில் இறக்கலாம்; மகளை இன்னொரு குழுவோடு பனியாற்று ஓரம் ஏற்றிவிடலாம்; மாலையில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். இப்படிக் குடும்பத்தையே கூட்டிப் போகும் வசதி மற்ற இரண்டிலும் இல்லை. உயரம் 2,500 மீட்டரை ஒட்டியே இருப்பதால் லே, எவரெஸ்ட் பக்கம் போல மூச்சுத் திணறல் பயமும் பெரிதாக இல்லை.

குறை என்று எனக்குப் பட்டது வேறு. மாலையில் லாட்ஜ் சுவரிலிருந்த வரைபடத்தில் அன்று எங்கே நடந்தேன் என்று விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. தூக்கி வைத்த இடத்தில் நடந்தேன், அவ்வளவுதான். இன்னொன்று, சத்தம். ஆல்பர்ட்டாவின் காவ் ரிட்ஜில் மலையாடுகளைக் கவனித்த ஆய்வொன்றில், ஹெலிகாப்டர் அரை கிலோமீட்டருக்குள் வந்தபோது அவை பெரும்பாலும் வெருண்டு ஓடியது பதிவாகியிருக்கிறது. நிறுவனங்கள் விலகிப் பறக்கத்தான் பார்க்கின்றன. ஆனாலும் அந்த முகட்டில் நின்றபோது ஆடு ஒன்றுகூடக் கண்ணில் படாததற்கு நானும் ஒரு காரணம் என்று தோன்றியது.

அதே பூச்சாண்டி மலைக்குப் பறக்காமலும் போகலாம். பிரிஸ்கோ என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாத சரளைச் சாலை. காரை நிறுத்தியதும் செய்ய வேண்டிய வேலை வேடிக்கையானது: கோழி வலையை எடுத்து வண்டியைச் சுற்றிக் கட்டி, கல்லும் கட்டையும் அண்டை கொடுக்க வேண்டும். அங்குள்ள முள்ளம்பன்றிகளுக்கு டயரும் பிரேக் குழாயும் பலகாரம். வலை நிறுத்துமிடத்திலேயே கிடக்கும். சந்தைக்கு வந்த கோழிக்கூண்டுகள் மாதிரி வரிசையாக விலையுயர்ந்த கார்கள் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காமல் ஏற முடியாது.

ஐந்து கிலோமீட்டர்தான் ஏற்றம். ஆனால் எழுநூறு மீட்டர் செங்குத்து. நடுவில் சங்கிலியைப் பிடித்து நடக்கும் பாறையும் ஒரு இரும்பு ஏணியும் உண்டு. மேலே கான்ராட் கெய்ன் குடில், கனடா ஆல்பைன் கிளப் நடத்துவது. 1916-ல் பக்கபூ கோபுரத்தில் முதலில் ஏறிய வழிகாட்டியின் பெயர். படுக்க மெத்தை, சமைக்க கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும். தூங்கும் பையும் அரிசியும் உங்கள் பொறுப்பு. புளிக்காய்ச்சல் ஒரு டப்பா கொண்டுபோனால் முப்பது பேருக்கு நடுவே நீங்கள்தான் ராஜா. ஒரு இரவுக்குத் தலைக்கு நூறு டாலர்கூட ஆகாது; ஹெலிகாப்டர் லாட்ஜில் மூன்று இரவுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். வழிகாட்டி மட்டும் இங்கே கிடையாது, தனியாக அமர்த்திக்கொள்ள வேண்டும். பனியாற்றில் கால் வைக்கும் எண்ணம் இருந்தால் அமர்த்தாமல் போகாதீர்கள்.

மூன்றாவது, ஒருமுறை மட்டும் பறக்கும் அசினிபோயின் மலை. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

3,618 மீட்டர் உயரப் பிரமிடு, கீழே மேகாக் ஏரி, ஏரிக்கு எதிரே 1928-ல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டிய மரவீட்டு லாட்ஜ். சாலையே கிடையாது. கான்மோர் ஊரிலிருந்தோ மவுண்ட் ஷார்க் தளத்திலிருந்தோ ஹெலிகாப்டர் பறக்கும், புதன், வெள்ளி, ஞாயிறு என்று வாரத்தில் சில நாள் மட்டும். மற்ற நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கில் விசிறிச் சத்தமே இருக்காது. நடக்க விரும்பினால் மவுண்ட் ஷார்க்கிலிருந்து பிரையன்ட் ஓடை வழியாக 27 கிலோமீட்டர், ஒரு முழு நாள்.

லாட்ஜில் தங்கினால் தினசரி நடைக்கு வழிகாட்டி கட்டணத்திலேயே அடக்கம். மாலை நான்கு மணிக்குத் தேநீரும் கேக்கும். அவ்வளவு செலவு செய்ய மனமில்லையா, பக்கத்திலேயே 1925-ல் கட்டிய நைசெட் குடில்கள் இருக்கின்றன. பலகைக் கட்டில், பொதுச் சமையலறை. அதைவிடச் சிக்கனம் ஏரிக்கரையில் கூடாரம். பார்க்கும் மலை மூன்று பேருக்கும் ஒன்றுதான். நப்லெட் முகட்டில் விடியலில் அந்தப் பிரமிடு சிவக்கும்போது லாட்ஜ்காரர் யார், கூடாரக்காரர் யார் என்று அடையாளம் தெரியாது.

வானிலை கெட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை இறங்கினால் ஹெலிகாப்டர் எழும்பாது. பக்கபூ லாட்ஜில் அது அன்றைய நாளையே தின்றுவிடும். காட்டு வழியில் சுற்றிவிட்டு வரலாம், அதற்காகவா அவ்வளவு பணம்? அசினிபோயினில் வரும் நாளும் போகும் நாளும்தான் ஆட்டம் காணும். இடைப்பட்ட நாட்களில் எல்லாம் காலடியிலேயே இருக்கிறது. பறக்கவே முடியாவிட்டாலும் நடந்து வெளியேற வழி உண்டு.

நான் செய்வது இதுதான்: மூட்டையை ஹெலிகாப்டரில் அனுப்பிவிட்டு, தண்ணீரும் ரொட்டியும் கரடி ஸ்பிரேயும் மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து போவேன். காலையில் மரங்களுக்கு இடையே எங்கேயும் தெரியாத மலை, கணவாய் தாண்டியதும் முழுசாக எதிரே நிற்கும். திரும்பும்போது பறப்பேன். நாள் முழுக்க நடந்து வந்த ஓடையும் கணவாயும் சில நிமிடங்களில் காலுக்குக் கீழே ஓடும். ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்ல முடியும்.

போன மாதம் கேட்ட நண்பருக்கு அம்மாவும் உடன் வருகிறார், நடை பழக்கமில்லாதவர். அவருக்குப் பக்கபூ லாட்ஜைத்தான் சொன்னேன், பணம் இருக்கிறது என்பதால் தயக்கமில்லாமல். இருபத்தைந்து வயதில் நல்ல முழங்காலும் காலிப் பணப்பையுமாகக் கேட்பவர்களுக்கு கெய்ன் குடில். மற்ற எல்லோரும் அசினிபோயினுக்கு, முடிந்தால் செப்டம்பர் பின்பாதியில். லார்ச் என்ற ஊசியிலை மரம் உதிர்வதற்கு முன் மஞ்சள் தட்டி நிற்கும் நாட்கள் அவை. அந்த வாரங்களுக்கு இடம் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

ஹெலிகாப்டர் தளத்தில் பையை எடை போடுவார்கள், உங்கள் எடையையும் கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். விமானி அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்.