மேக்கையில் நாலு விரல் தடம்

பெரியம்மையைப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்து ரெண்டு வருஷமாகிறது. இந்தத் தடவை ஜங்ஷனில் இறங்கி நேரே அங்கேதான் போனேன். தரை சுத்தம், சாப்பாட்டில் குறையில்லை, ஞாயிற்றுக்கிழமை சொதி கூட உண்டாம்.

சேலையைச் சரிசெய்யும்போதுதான் கண்ணில் பட்டது. இடது மேக்கையின் உள்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, நாலு நாவற்பழத்தை வரிசையாக ஒட்டியதுபோல் கன்னிப்போயிருந்தது. மறுபக்கம் பெருவிரல் அகலத்தில் ஒன்று.

"எங்கயாச்சும் இடிச்சிருப்பாவ. வயசான ஆச்சில்லா, லேசா பட்டாலே கன்னிரும்" என்றார் பொறுப்பாளர்.

பாதி உண்மை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள்தான். ஆனால் விழுந்தால் முட்டி, முழங்கை, நெற்றி என்று எலும்பு துருத்துகிற இடத்தில்தான் பெரும்பாலும் அடிபடும். மேக்கையின் உள்பக்கம் எதில் போய் இடிக்கும்? பெரியம்மையிடம் கேட்டால், "ராத்திரி நல்ல மழை" என்கிறாள். மறதி.

நான் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறவள். யாரும் பார்க்காமல், அந்தப் பெரியவராலும் சொல்ல முடியாமல், இடமோ அளவோ சந்தேகம் தருகிற காயம் என்றால், அங்கே அதைக் காரணம் தெரியாத காயம் என்று மாநில அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். பலத்த காயமோ கொடுமைப் புகாரோ என்றால் 2 மணி நேரத்துக்குள், மற்றது 24 மணி நேரத்துக்குள். விசாரணை முடிவு 5 வேலை நாளில். அங்கேயும் மூடி மறைப்பவர்கள் உண்டு; ஆனால் "இடிச்சிருப்பாவ" என்பதோடு பேச்சு முடியாது.

பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தேன். டாக்டரிடம் காட்டினோம்; எலும்புக்கு ஒன்றுமில்லை. ராத்திரி வேலை பார்க்கும் அக்காவைத் தனியாகக் கேட்டேன். பொறுப்பாளர் முன்னால் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்.

"14 பேருக்கு நான் ஒத்த ஆளு. கட்டில்லருந்து எறக்கையில ஆச்சி சரிஞ்சாவ, இப்பிடிப் பிடிச்சேம்மா." என் மேக்கையைப் பிடித்தே காட்டினார். நாலு விரலும் அதே இடத்தில் பதிந்தன.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பினால் அது விசாரணை ஆகிவிடாதே. முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் போட்டேன் (காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்). திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேண்டும், காயங்களைப் பதிய நோட்டு வேண்டும் என்று மனு கொடுத்து ரசீதும் வாங்கினேன். அடுத்த தடவை சாக்லேட்டுக்குப் பதில் ஆளை எழுப்பும்போது பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டும் பட்டை நாலைந்து கொண்டுவர வேண்டும்.

கிளம்புகிற அன்றைக்கு ஆபீஸ் மேசையில் புது 80 பக்க நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் பெரியம்மை பேர், தேதி, "இடது கை உள்பக்கம், இரவில் பிடித்தது." பார்த்தவர் கையெழுத்து என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.