கடல்காற்றில் மூன்று வருடம்: எஸ்டீமில் 120 கிலோ குறைத்த அனுபவம்

புதுச்சேரி முதலியார்பேட்டை வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் நிற்கிறது. 1298 சிசி, 85 குதிரைத்திறன். 402 மீட்டர் (கால் மைல்) நேர்கோட்டு வேக ஓட்டத்துக்காக மூன்று வருடமாக அதன் எடையைக் குறைத்து வருகிறேன். இன்ஜினைத் தொடவில்லை. ஆரம்பத்தில் டேங்க் நிரப்பி மேட்டுப்பாளையம் எடை மேடையில் ஏற்றியபோது 880 கிலோ. இன்று ஓட்டத்துக்குத் தயாரான நிலையில் 760. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். அதனால் கழற்றிய ஒவ்வொரு பொருளையும் தொங்கு தராசில் மாட்டி நோட்டில் எழுதி வைத்தேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அந்தத் தராசைத்தான்.

சுலபமானவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தன. பின் சீட் 14 கிலோ, இடதுபக்க முன் சீட் 13, ஸ்டெப்னியும் ஜாக்கியும் டூல்ஸும் சேர்ந்து 15, தரை கார்ப்பெட் 9. அப்புறம் பெட்ரோல். ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் 30 லிட்டர் குறைத்தாலே 22 கிலோ போய்விடும். கூட்டிப் பாருங்கள், 73 கிலோ. பத்துப் பைசா செலவில்லை. மீதி நாற்பத்தேழு கிலோவுக்குத்தான் மூன்று வருடமும் பணமும் போயின.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை நான் தாமதமாகத்தான் யோசித்தேன். எஸ்டீம் முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. கிளட்ச்சை விட்டதும் பாரம் பின்னால் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் லேசாகிவிடும். ஆகவே பின்பக்கம் குறைத்த எடை முழுக்க லாபம். மூக்குப் பக்கம் குறைத்தால் வண்டி லேசாகும், ஆனால் பிடிமானமும் கொஞ்சம் குறையும். ஏசியைக் கழற்றியதில் (கேஸை ஏசி மெக்கானிக்கை வைத்து முறையாக இறக்கினேன், காற்றில் விடக்கூடாது) 19 கிலோ போனது. அடுத்த முறை ஸ்டார்ட்டில் சக்கரம் முன்பைவிட அதிகமாகச் சுழன்றது. முன் டயரில் காற்றைக் குறைத்து, கிளட்ச் விடும் பழக்கத்தை மாற்றிய பிறகுதான் சரியானது. பேட்டரியை டிக்கிக்கு மாற்றச் சொல்லிப் பல வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது பின்சக்கரத்தால் உந்தும் வண்டிக்கான யோசனை. நம் வண்டிக்கு பேட்டரி இருக்கும் இடமே சரி.

பானெட் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்க ஃபைபர் படகுதானே. அதனால் கடலூரில் ஃபைபர் படகு செய்யும் ஒருவரிடம் போனேன். இரும்பு பானெட் 13 கிலோ. அதற்கு மெழுகு பூசி அச்செடுத்து, ஜெல் கோட் என்ற மேற்பூச்சு அடித்து, மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை விரித்து, உருளையால் ரெசின் பிசினை ஏற்றி ஒரு வாரத்தில் அழகாகக் கொடுத்துவிட்டார். தராசில் மாட்டினால் 14 கிலோ! "தம்பி, படகுன்னா அலை அடிக்கும், அந்தக் கணக்குல நாலு மேட் போட்டுட்டேன்" என்றார். "அண்ணே, இதுக்கு மேல காத்து மட்டும்தான் அடிக்கும்" என்றேன். இரண்டாவது முறை இரண்டே மேட், அடியில் குறுக்காக மூன்று விலா. 7 கிலோ. அதற்கு மேல் ரெசின் ஊற்றாமல் உருளையை அழுத்தி அழுத்தி அவர் பிழிந்து எடுத்த விதத்தை இன்னும் மறக்கவில்லை. லேசான பானெட் காற்றில் தூக்கிக்கொண்டு வரும். பழைய லாக்கை நம்பாமல் பானெட்டைப் பூட்டும் நான்கு ஊசிகள் போட்டேன். இரண்டு கோடைக்குப் பிறகு அந்த ஊசிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிகிறது. அங்கே மட்டும் முதலிலேயே கூடுதலாக ஒரு துண்டு மேட் வைத்திருக்க வேண்டும்.

சத்தம் தடுக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தார்ஷீட், 8 கிலோ. ஹீட் கன்னால் இளக்கி, பட்டி போடும் தகட்டால் சுரண்டினால் பட்டை பட்டையாக உரியும். மூன்று நாள் முதுகு உடையும் வேலை. நான் செய்த பெரிய தவறு இங்கேதான். உரித்த தகட்டுக்கு உடனே பெயின்ட் அடிக்கவில்லை. ஐப்பசி மழை முடிந்து பார்த்தபோது சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றியே செம்மண் நிறத்தில் துரு. உப்புக்காற்று ஊரில் தார்ஷீட்டே பாதி பாதுகாப்பு என்று அப்போதுதான் புரிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது. வைகாசி வெயிலில் கால் சுட்டதால் டிரைவர் காலடியில் மட்டும் ஒரு துண்டு ஷீட்டைத் திரும்ப ஒட்டியிருக்கிறேன்.

கதவின் உள்தகட்டில் ஓட்டை போட்டதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 30 மில்லிமீட்டர் ஓட்டையிலிருந்து விழும் வட்டத் தகடு நாலரை கிராம்கூட இல்லை. 40 ஓட்டை போட்டும் 180 கிராம்தான். ஆனால் நாற்பது விளிம்பிலும் துரு பிடித்தது. பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கம்பி, சீட் பெல்ட், முன் கண்ணாடி, ஹேண்ட் பிரேக் ஆகியவற்றை நான் தொடவே இல்லை. நீங்களும் தொடாதீர்கள்.

இப்படிப்பட்ட வண்டியை ரோட்டில் ஓட்டுவதும் கூடாது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. திண்டிவனம் வழியாக சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் வரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறோம். வாடகை வலிக்கிறது, ஆனாலும் வேறு வழியில்லை.

முதல் முறை 18.4 வினாடி. போன தடவை 17.7. அதே இன்ஜின், அதே ஆள். அடுத்து பின் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் போடலாமா என்று பார்க்கிறேன். அதே கனத்தில் கண்ணாடியின் பாதி எடைதான், அதுவும் பின்பக்கம் குறைகிற எடை. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், உப்புத்தூசியைத் துடைத்தாலே போதும். ஒரு துண்டை வாங்கி மொட்டைமாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன், ஒரு வருடம் போகட்டும்.