அம்மாவா, பணிப்பெண்ணா, பராமரிப்பு நிலையமா? சிங்கப்பூரில் ஒரு கைக்குழந்தைக் கணக்கு

"அம்மாவை வரச் சொல்லிடு, அப்புறம் என்ன கவலை?" நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்ததும் தஞ்சாவூரிலிருந்து ஃபோன் செய்த சித்தி, அத்தை, பெரியம்மா எல்லாரும் சொன்னது இதைத்தான். இங்கே செங்காங்கில் பக்கத்து வீட்டு அக்கா, "பேசாம மெய்ட் வச்சுடுங்க" என்றார். ஆபீஸ் தோழி, "இன்ஃபன்ட் கேர்ல போட்டுடு" என்றாள். அவரவர்க்கு ஒத்துவந்ததை அவரவர் சொன்னார்கள். குடியுரிமையும் இல்லாமல் நிரந்தரவாசமும் இல்லாமல், இரண்டு பேரும் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவர்க்கான வேலை அனுமதி) வேலை பார்க்கும் எங்களைப் போன்ற வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க நாள்காட்டியைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது.

பிறக்கும் குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் தாய்க்கு 16 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. எங்களுக்கு 12 வாரம். அதிலும் 8 வாரத்துக்குத்தான் சம்பளம் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. ஆக, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது நான் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும்.

இப்போது அம்மாவின் பாஸைப் பாருங்கள். பெற்றோரை நீண்டகால வருகை அட்டையில் வைத்துக்கொள்ள, எங்களைப் போல் பாஸில் வேலை பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ மாதச் சம்பளம் 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். நாங்கள் அந்தப் பக்கமே இல்லை. மிச்சம் இருப்பது வருகை விசா. வந்து இறங்கியதும் பெரும்பாலும் 30 நாள் கொடுக்கிறார்கள்; நீட்டிப்புக் கேட்டு வாங்கினால் மொத்தம் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. பிரசவத்துக்கு வரும் அம்மா, நான் வேலைக்குத் திரும்பும் வாரத்தில் சரியாக விமானம் ஏறுவாள்! "அம்மாவை வரச் சொல்லிடு" என்று சொன்ன யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. எனக்கும் ஏழாம் மாதத்தில்தான் உறைத்தது.

அம்மா போனதும் மாமியார், அவர் போனதும் மறுபடி அம்மா என்று மாற்றி மாற்றி ஓட்டுகிற வீடுகள் உண்டு. அடுத்தடுத்து வந்தால் குடிநுழைவில் கேள்வி வரலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ஊரில் தாத்தாக்கள் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஸ் சாப்பாடு சாப்பிடுவது.

அம்மாவின் கைக்கு ஈடு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பின்னால் அவர் வந்தபோது ஊரிலிருந்து உரைகல்லைச் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தார். மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு என்று எல்லாவற்றையும் அளவாக உரசினார். பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். ஆனால் பிள்ளை வீட்டில் இருக்கும் நாள்களில், நாங்கள் இருவரும் கிளம்பிய பிறகு பதினான்காவது மாடியில் அவரும் கைக்குழந்தையும் மட்டும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடப் பயம். முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனால் வருகையாளருக்கு மானியம் கிடையாது. முதல் வாரமே கேட்டார்: "எனக்கு இங்க இந்தப் புள்ளைய விட்டா யாரைத் தெரியும்?" கும்பகோணத்துப் பாட்டி ஒருவர் சாயங்காலம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்காருவார் என்று கண்டுபிடித்த பிறகுதான் முகம் தெளிந்தது.

பணிப்பெண் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வைத்ததில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு வருடம் பார்த்ததும், ஏஜென்ட்டிடம் விசாரித்ததும்தான். பணக் கணக்கில் இதுதான் மலிவு. நான் விசாரித்தபோது சம்பளம் 650 முதல் 800 வெள்ளி வரை சொன்னார்கள். லெவி, அதாவது பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை, மாதம் 300. (குடியுரிமை பெற்ற சின்னப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு அது 60தான், இந்த வித்தியாசம் இங்கே எல்லாவற்றிலும் நம் கூடவே வரும்.) இதற்கு மேல் 5,000 வெள்ளி உத்தரவாதப் பத்திரம், காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, ஏஜென்ட் கட்டணம், சாப்பாடு. அப்படியும் கைக்குழந்தைக்குப் பராமரிப்பு நிலையம் கேட்கிற தொகையை எட்டாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒருவர் லீவு போட வேண்டியதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பினால் சோறு இருக்கும்.

பிறகு ஏன் வைக்கவில்லை? வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 'மூன்றறை' வீட்டில் படுக்கையறை இரண்டுதான். அவர் எங்கே படுப்பார்? பிள்ளையோடுதான். அம்மா வந்தால் அம்மா எங்கே? பக்கத்து வீட்டுப் பையன் பணிப்பெண்ணின் மொழியில் பாலை 'சூசு' என்றும் குளியலை 'மண்டி' என்றும் சொல்லிக்கொண்டு வளர்ந்தான். கேட்க அழகாகத்தான் இருந்தது. அவன் பாட்டி வாட்ஸ்ஆப்பில் விழித்ததும் உண்மை. இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்குள் ஒருவருக்கு முதலாளியாக இருக்க எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டில் வேலை செய்த பெண் தன் நான்கு வயது மகளை ஜாவாவில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர். மாதம் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டாமல் விட்டே ஆக வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. விதி வந்த பிறகே விட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, பராமரிப்பு நிலையம். இரண்டு மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வாரநாளில் காலை 7 முதல் இரவு 7 வரை. ஐந்து குழந்தைக்கு ஒரு ஆள் என்பது விதி. மானியம் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும். நமக்கு முழுக் கட்டணம். நாங்கள் தேடியபோது 1,500 வெள்ளிக்குக் கீழே ஒன்றும் அகப்படவில்லை. பணம் ஒருபுறம் இருக்கட்டும். முதல் ஆறு மாதம் பிள்ளை அங்கே போவதும் சளியோடு திரும்புவதுமாகவே கழிந்தது. மீட்டிங்கில் இருக்கும்போது மூன்று மணிக்கு ஃபோன் வரும்: "உடம்பு சுடுகிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்." கை, கால், வாய் நோய் வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில்தான். குடியுரிமை இல்லாத பிள்ளைக்காகப் பெற்றோருக்குச் சட்டம் தரும் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு வருடத்துக்கு ஆளுக்கு 2 நாள். எங்களுக்கு ஜூன் முடிவதற்குள் நான்கும் தீர்ந்துவிட்டது.

அந்த மூன்று மணி ஃபோனுக்கு யார் எழுந்து போவது? எங்கள் வீட்டில் கட்டணத்தைவிட, விசாவைவிட, முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

"நீ கொஞ்ச நாள் வேலையை விட்டால் என்ன?" என்ற யோசனையும் வந்தது (கணவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்). விட்டால் அவருடைய சார்பு அட்டையில் நான் இருக்கலாம். ஆனால் 2021 மே முதல் சார்பு அட்டைக்காரர் வேலைக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் தனக்கென்று புதிதாக வேலை அனுமதி வாங்க வேண்டும். சம்பள வரம்பு ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இருக்கிற பாஸை விட எனக்குத் துணிவில்லை. பிள்ளையை ஊரில் விடுவதைப் பற்றி இரண்டே நிமிடம் பேசினோம். திருச்சிக்கு நான்கு மணி நேர விமானம்தான். இங்கே இரவு பத்தரை ஆகும்போது அங்கே எட்டு மணி, பிள்ளை தூங்கப் போகும் நேரம். வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் செய்தது இது. பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. அவர் ஒரு வாரம் ஃபோனில் சரியாகப் பேசவில்லை. முதல் இரண்டு மாதம் நாங்கள் இருவரும், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட வந்த மலாய் மாச்சிக் (அத்தை என்பதுபோல) ஒருவரும். பத்தியக் குழம்பை வீடியோ கால் பார்த்துக் கணவரே வைத்தார், பூண்டு தீய்ந்தது. அம்மா பத்தாவது வாரம் வந்தார். பிள்ளையை நிலையத்தில் சேர்த்தது அதற்குப் பிறகு. முதல் காய்ச்சல்கள் எல்லாம் அம்மா இருக்கும்போதே வந்து போயின. மாமியார் வந்தது ஏழாம் மாதம். நாள் முழுக்கப் பிள்ளையைக் கட்டி மேய்க்க வந்தவர்களாக இல்லாமல், பேத்தியைப் பார்க்க வந்த பாட்டிகளாகவே இருவரும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) என்று சுற்றவும் முடிந்தது.

அந்த இரண்டு மாதம் அம்மா இல்லாமல் நான் அழுத நாள்கள் உண்டு. அதை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது பிறந்தால் இதெல்லாம் மாறும். பிள்ளை இரண்டானாலும் லெவி அதே 300தான். நிலையத்திலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கட்டணம். அப்போது படுக்கையறைப் பிரச்சினையோடு சேர்த்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏஜென்ட் நம்பரையும் வாங்க வேண்டியிருக்கும்.