டிசம்பர் விழாவுக்குப் பொதுப் பெயரா, சொந்தப் பெயரா?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடியில் நடக்கும் டிசம்பர் ஒன்றுகூடலை என்ன பெயரில் அழைப்பது என்ற கேள்வி குடியிருப்பாளர் குழுவில் வாக்கெடுப்புக்கு வந்தது. பல ஆண்டுகளாக இருந்துவந்த ‘ஹொலிடே பார்ட்டி’ (விடுமுறை விருந்து) என்ற பொதுப் பெயரைக் கைவிட்டு, ‘நத்தார் (கிறிஸ்மஸ்) ஒன்றுகூடல்’ என்றே அறிவித்தலில் எழுதவேண்டும் என்று வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். நான் சைவன். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் ஏன் அப்படி வாக்களிக்கவேண்டும் என்று அயலவர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்பதால், இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்து என் காரணத்தை எழுதுகிறேன்.

பொதுப் பெயருக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை தெரிந்தவையே: யாரையும் ஒதுக்காது, எந்த மதத்தவரும் தயங்காமல் வரலாம், ஒரே அறிவித்தலோடு வேலை முடிந்துவிடும். சொந்தப் பெயருக்கு ஆதரவானவையும் புதியவை அல்ல: இருப்பதை இருக்கிறபடி சொல்கிறது, அந்த நாளைக் கொண்டாடுபவரின் மனம் நோகாது. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

பெயர் மாற்றம் சிறுபான்மையினர் கேட்டு நடந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பதிவில் உள்ள சம்பவங்கள் அப்படிச் சொல்லவில்லை. ரொறன்ரோ நகரமண்டபத்தின் மரத்தை 2002இல் அதிகாரிகள் ‘ஹொலிடே மரம்’ என்று அறிவித்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர் யூதரான மேயர் மெல் லாஸ்ட்மன். நகரசபையும் நத்தார் மரம் என்ற பெயருக்கே வாக்களித்தது. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் விமான நிலையத்தில் நடந்தது இன்னும் தெளிவானது. அங்கே நத்தார் மரங்களோடு யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்காவுக்குரிய விளக்கு ஒன்றையும் வைக்கவேண்டும் என்று யூத மதகுரு ஒருவர் கேட்டார். வழக்கு வந்துவிடும் என்று அஞ்சிய நிர்வாகம் மரங்கள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டது. மரங்களை அகற்றச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஆனாலும் பழி அவர் சமூகத்தின் மேல்தான் விழுந்தது. சில நாள்களில் மரங்கள் திரும்பிவந்தன. தமது விழாவையும் சேர்க்கவேண்டும் என்று ஒருவர் கேட்க, இருந்த விழாவையும் நீக்கிவிடுவது சகிப்புத்தன்மை ஆகாது; அது நிர்வாகத்தின் அச்சம்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இந்தப் பெயர் மாற்றம் நன்றிக்கடன் ஒன்றோடு மோதியது. 1917 டிசம்பர் 6ஆம் திகதி கனடாவின் ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரின் பெரும்பகுதி அழிந்தபோது, அன்றிரவே உதவி ரயில் அனுப்பியது பொஸ்டன். அதற்கு நன்றியாக, ஹலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணம் 1971 முதல் ஒவ்வோர் ஆண்டும் அங்கே ஒரு மரத்தை அனுப்பிவருகிறது. 2005இல் பொஸ்டன் நகர நிர்வாகம் அதை ‘ஹொலிடே மரம்’ என்று குறிப்பிட்டதும், மரத்தை வளர்த்துக் கொடுத்தவருக்கே வருத்தம் உண்டாயிற்று. மேயர் தாமஸ் மெனினோவும் தமக்கு அது நத்தார் மரமே என்றார்.

மறுதரப்பிலும் மிகைப்படுத்தல் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரசபை 1997இலும் 1998இலும் குளிர்கால நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் சேர்த்து ‘வின்ரர்வல்’ என்ற குடைப்பெயரைப் பயன்படுத்தியது. நத்தாரை அந்த நகரம் ஒழித்துவிட்டது என்று பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. உண்மையில் நத்தார் நத்தாராகவே, தீபாவளி தீபாவளியாகவே அந்தக் குடைக்குள் நடந்தன. டெய்லி மெயில் 2011இல் திருத்தம் வெளியிடவேண்டியிருந்தது. நத்தாரை யாரோ பறிக்க வருகிறார்கள் என்று ஆண்டுதோறும் கூச்சலிடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

என் வாக்கைத் தீர்மானித்தது நாட்காட்டி. பொதுப் பெயர் என்பது எல்லா விழாக்களுக்கும் உரிய பெயர் என்றால், அந்தத் திகதியும் எல்லா விழாக்களுக்கும் உரியதாக இருக்கவேண்டும். அப்படி ஒரு திகதி கிடையாது. தீபாவளி ஒக்ரோபரிலோ நவம்பரிலோ வந்து போய்விடுகிறது. நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழப் பதினொரு நாள்கள் முன்நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. தைப்பொங்கலுக்கு ஜனவரி பாதி ஆகவேண்டும். டிசம்பருக்கு மிக அருகில் இருக்கும் ஹனுக்காகூட எபிரேய நாட்காட்டியின் கிஸ்லெவ் மாதம் 25ஆம் நாள் தொடங்குவதால், 2013இல் அமெரிக்க நன்றி நவிலல் நாளோடு சேர்ந்து நவம்பரிலேயே வந்துவிட்டது. 2024இலோ நத்தார் நாள் மாலையில்தான் முதல் சுடரே ஏற்றப்பட்டது.

2018ஆம் ஆண்டில் எங்கள் லொபியில் கண்டதை இங்கே சொல்லவேண்டும். டிசம்பர் 20ஐ ஒட்டிய அந்த மாலையில், சிவப்பும் பச்சையுமாகச் சோடித்த மரத்தின் பக்கத்தில், எல்லாரையும் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமாக, மின்குமிழ்கள் பொருத்திய ஒன்பது கிளை ஹனுக்கா விளக்கு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது குமிழ்களும் எரிந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு ஹனுக்கா டிசம்பர் 10ஆம் திகதியே முடிந்துவிட்டது. எங்கள் மாடியில் வசிக்கும் முதிய யூத அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, தமது வீட்டு விளக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பத்து நாள் ஆகிறது என்று மட்டும் சொன்னார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அவருடைய விழா அவருடைய நாளில் நடந்தபோது அங்கே யாரும் விளக்கு வைக்கவில்லை, வாழ்த்தும் சொல்லவில்லை.

ஆக, பெயரை மட்டும் பொதுவாக்கிவிட்டு, மரம், சிவப்புத் தொப்பி, வான்கோழி, பரிசுப் பரிமாற்றம், டிசம்பர் கடைசி வாரம் ஆகிய எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கும் ஏற்பாட்டில் கிறிஸ்தவர் தம் விழாவின் பெயரை இழக்கிறார். மற்றவருக்கோ எதுவும் கிடைப்பதில்லை. அதைவிடக் கெடுதல், எல்லாருக்கும் சேர்த்து ஒரு விழா நடத்தியாகிவிட்டது என்ற திருப்தியில், தீபாவளிக்கோ பெருநாளுக்கோ தனியே மண்டபம் கேட்டால் எதற்கு என்று குழு கேட்கத் தொடங்குகிறது. எங்கள் குழுவிலும் அதே கேள்வி எழுந்தது.

சொந்தப் பெயர் சூட்டும்போது மற்றவரின் நிலையும் தெளிவாகிறது. நத்தார் என்று எழுதியிருந்தால் நான் அதற்கு விருந்தாளியாகப் போகிறேன். ஊரிலே நத்தாருக்குக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து கேக் வந்ததும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து அவர்களுக்குப் பொங்கல் போனதும் அந்த முறையில்தான். ஆனால் இந்தப் பெயர் ஒரு கடமையையும் கூடவே கொண்டுவருகிறது: மற்ற விழாக்களுக்கும் அவற்றின் பெயரிலும் நாளிலும் இடம் கொடுக்கவேண்டும். அதைச் செய்ய மனமில்லாத இடத்தில் நத்தார் என்ற பெயரை வற்புறுத்துவது பெரும்பான்மையின் ஆதிக்கமாகவே முடியும். நியூயோர்க் நகரப் பள்ளிகள் 2015இல் முஸ்லிம்களின் இரு பெருநாள்களுக்கு விடுமுறை அறிவித்ததும், தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை வழங்கும் சட்டம் 2023இல் கையொப்பமானதும், கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழர் மரபுத் திங்களாக ஏற்றதும் நான் விரும்பும் வழியில் நடந்தவை. அங்கெல்லாம் பெயரும் நாளும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. எங்கள் வாக்கெடுப்பிலும் தீபாவளி, ஹனுக்கா, நோன்புப் பெருநாள் ஆகியவற்றுக்கு அவற்றின் நாளில் மண்டபம் வழங்கும் தீர்மானம் அதே தாளில் இருந்தது. அது இல்லாவிட்டால் நான் மாறி வாக்களித்திருப்பேன்.

பொதுச் சொல்லே பொருத்தமான இடங்களும் உண்டு. கடையில் காசு வாங்குபவர் அறிமுகமில்லாதவரிடம் ‘ஹாப்பி ஹொலிடேஸ்’ என்பது மரியாதையான வாழ்த்து. அதில் குற்றம் காண்பது வீண் வம்பு. அரசுக் கட்டடம் என்றால் கணக்கு வேறு: பிற்ஸ்பேர்க் வழக்கில் 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிமன்றத்துக்குள் தனியே வைத்த பாலன் குடிலை மறுத்து, வேறொரு அரசுக் கட்டடத்தின் வெளியே மரமும் ஹனுக்கா விளக்கும் சேர்ந்து நிற்பதை அனுமதித்தது. பள்ளி வகுப்பறை, கட்டாயமாகப் போகவேண்டிய அலுவலக விருந்து ஆகியவற்றில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் வராமல் இருக்கலாம் என்ற எங்கள் மண்டபத்துக்குச் சொன்னதை அங்கே அதே உறுதியோடு சொல்லமாட்டேன்.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2033இல் வரும். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் டிசம்பர் 23ஐ ஒட்டி வருகிறது. மண்டபத்தை ஒரே வாரத்தில் இரு தரப்பும் கேட்கும். ஒரே மாலையில் ஒரே பெயரில் முடித்துவிட்டால் செலவு மிச்சம் என்று யாராவது அப்போது நிச்சயம் சொல்வார்கள். நான் குழுவில் இருந்தால், இரண்டு மாலைகள், இரண்டு அறிவித்தல்கள் என்றே வாக்களிப்பேன்.