ஒரு கிராமத்துப் பப்டிஸ்ட் சபையின் வரலாற்று மலர்: வாங்கலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் தோட்டக்காணிகளுக்கு நடுவே இயங்கிவரும் ஒரு சிறிய பப்டிஸ்ட் சபை தன் வரலாற்றை மலராக வெளியிட்டிருக்கிறது. விலை 500 ரூபாய். கடைகளில் கிடையாது, ஞாயிறு ஆராதனை முடிந்த பின் சபை மண்டபத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். அட்டை வழவழப்பானது, உள்ளே சாதாரண வெள்ளைத்தாள், கம்பி அடித்த கட்டு. முதல் மூன்றிலொரு பங்கை ஆசிச் செய்திகளும் வாழ்த்துரைகளும் பிடித்துக்கொள்ள, கடைசிப் பக்கங்களில் நகைக்கடைகளும் கட்டடப் பொருள் விற்பனையாளர்களும் வாழ்த்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மலர் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நேரே நடுப்பகுதிக்குப் போய்விடலாம்.

அந்த நடுப்பகுதிக்காகவே இம்மலரை வாங்கலாம் என்பேன். பப்டிஸ்ட் சபைகளுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தன் அங்கத்தவர் கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்வதால், அதன் வரலாறும் பெரும்பாலும் அந்தக் கூட்டக் குறிப்பேட்டோடு தங்கிவிடுகிறது. அமெரிக்க மிஷன் ஊழியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கள் தலைமைச் சங்கத்துக்கு எழுதியனுப்பிய கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பேணப்படுகின்றன. அந்த மிஷன் இயங்கிய வட்டுக்கோட்டையிலோ உடுவிலிலோ ஒரு தாள் தொலைந்தாலும் தேடிப் பார்க்க வேறோர் இடம் உண்டு. இந்தச் சபையிடம் இருந்ததோ கூட்டக் குறிப்புகள் எழுதிய ஒரேயொரு சீ.ஆர். கொப்பி. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் வலிகாமமே கிளம்பித் தென்மராட்சிக்குப் போனபோது அது ஒரு குடும்பத்தின் உடுப்புப் பைக்குள் இருந்து தப்பியதாக மலர் கூறுகிறது.

அந்தக் கொப்பியின் சில பக்கங்களைப் படமாகவே அச்சிட்டிருக்கிறார்கள். ஓரங்களில் நீர் ஊறி நீல மை பரவியிருந்தாலும் எழுத்தை வாசிக்க முடிகிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எழுதிய பக்கம் ஒன்றில், மண்ணெண்ணெய் கிடைக்காதபடியால் மாலைச் செபக்கூட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றிய தீர்மானமும், அடுத்த மாதம் லாம்புக்கு எண்ணெய் தர முன்வந்தவர்களின் பெயர்களும், எதிரே அவரவர் தந்த போத்தல் கணக்கும் உள்ளன. ஆசியுரைகளில் பாதியைக் குறைத்து இப்படியான பக்கங்களை இன்னும் சேர்த்திருந்தால் மலரின் பெறுமதி பல மடங்கு கூடியிருக்கும்.

ஞானஸ்நானம் பற்றிய கட்டுரையும் நன்றாக வந்திருக்கிறது. பப்டிஸ்ட் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தானாக அறிக்கையிடும் வயது வந்தவரையே தண்ணீரில் முழுக்குவார்கள். குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஆகவே தொடக்க காலத்தில் கடலுக்குப் போனதையும், கடற்கரைக்குப் போக முடியாமற்போன ஆண்டுகளில் தோட்டக் கிணற்றுத் தொட்டியை நிரப்பிப் பயன்படுத்தியதையும் கட்டுரை விவரிக்கிறது. தொட்டிக்குள் இடுப்பளவு நீரில் போதகர் நிற்க, பக்கத்துக் காணிக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஒரு கறுப்புவெள்ளைப் படம் இருக்கிறது. மலர் முழுவதிலும் சிறந்த படம் அதுதான். பரம்பரை தேடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மற்றச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த குழந்தையைத் தேடலாம். இங்கே அச்சிடப்பட்டிருக்கும் பட்டியலில் முழுக்குப் பெற்ற பெரியவர்கள் மாத்திரமே இருப்பார்கள்.

மலரின் பலவீனம் முதலாவது அதிகாரம். 1816 இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனிலிருந்தே தங்கள் சபையும் கிளைத்தது போல எழுதியிருப்பது சரியல்ல. அந்த மிஷனை நடத்தியவர்கள் கொங்கிரிகேஷனல் என்ற புரட்டஸ்தாந்து மரபினர். விசுவாசிகளின் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள். உண்மையான தொடர்பு இதைவிடச் சுவையானது. 1812 இல் அதே அமெரிக்கச் சங்கம் அனுப்பிய முதற்குழுவில் அதோனிராம் ஜட்சனும் சாமுவேல் நியூவெலும் ஒரே கப்பலில் இந்தியாவுக்கு வந்தார்கள். கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று ஜட்சன் பப்டிஸ்டாகிப் பர்மாவுக்குப் போனார். இலங்கைக்கு வந்த நியூவெல் எழுதிய தகவல்களே யாழ்ப்பாண மிஷனுக்கு வழிதிறந்தன. அதே 1812 இல் ரங்கூனிலிருந்து கொழும்புக்கு வந்து பப்டிஸ்ட் பணியைத் தொடங்கியவர் ஜேம்ஸ் சேற்றர். ஆக, இலங்கையில் பப்டிஸ்ட் பணிக்கு அமெரிக்க மிஷனைவிட நான்கு வயது கூட; ஆனால் அது வேரூன்றியது தெற்கிலும் மலைநாட்டிலும். யாழ்ப்பாணத்தில் பப்டிஸ்ட் சபை ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்று கேட்கும் வாசகருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். உதயதாரகைப் பத்திரிகை, உடுவில் மகளிர் கல்லூரி, மானிப்பாய் வைத்தியசாலை என்று அமெரிக்க மிஷனின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டதில் சொந்தக் கதைக்கு இடம் குறைந்துவிட்டது.

அச்சுப் பிழைகள் மலிந்திருக்கின்றன. பாமினி என்ற பழைய தமிழ்க் கணினி எழுத்துருவிலிருந்து மாற்றியபோது குழம்பிய சொற்களை ஒருவரும் ஒப்புநோக்கவில்லை போலும். ஒரே மூப்பரின் பெயர் மூன்று விதமாக வருகிறது. படங்கள் சிலவற்றுக்குக் கீழே நிற்பவர் யாரென்ற குறிப்பே இல்லை. முதியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதியிருக்கலாம்.

சபைக் குடும்பத்தவரும், வலிகாமத்து ஊர் வரலாறு சேர்ப்பவரும் தயங்காமல் வாங்கலாம். இலங்கைப் பப்டிஸ்ட் வரலாறு முழுவதையும் எதிர்பார்ப்பவருக்கு இது போதாது. மறுபதிப்பு வருமானால் முதலாவது அதிகாரத்தைத் திருத்தி, கொப்பியை முழுமையாக அச்சிட்டு, பெயர் அகராதியொன்றையும் சேர்க்க வேண்டும். அதற்கு 1,000 ரூபாய் விலை வைத்தாலும் நான் வாங்குவேன்.