மட்டக்களப்பில் பத்து மணிப் பசி

சனி, ஞாயிறில் பிந்தி எழும்பி, காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒரேயடியாக முடிக்கிற லண்டன், ரொறன்ரோப் பழக்கம் ஊரில் சரிவராது. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் சாப்பாட்டுக்கடையில் காலைப் பலகாரம் முடிந்திருக்கும், சோறு இறங்கியிராது. கண்ணாடி அலுமாரியில் மிஞ்சிய ரோல்ஸும் பற்றீஸும்தான்.

இடியப்பம் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். சிக்கலே அதுதான். விடிய அவித்தது காற்றுப் பட்டு ஓரம் காய்ந்திருக்கும். சொதியைக் கரண்டியால் ஒருக்கால் கலக்கிப் பாருங்கள்: மேலே மஞ்சள் எண்ணெய்ப் பொட்டும் உள்ளே வெள்ளைத் துகளும் தெரிந்தால் தேங்காய்ப்பால் திரைந்துவிட்டது, திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். சம்பலையும் மணந்து பாருங்கள். தேசிக்காய்ப் புளிப்பு வேறு, தேங்காய் பழுதான புளிப்பு வேறு. எட்டரைக்குள் போனால் இந்தச் சோதனை ஒன்றும் தேவையில்லை. ஞாயிறென்றால் நகர நடுவில் இருக்கிற புளியந்தீவில் தேவாலயக் காலைப் பூசை விட்டுச் சனம் வருமுன் இடம் பிடிக்க வேண்டும்.

ரோல்ஸ், பற்றீஸ் மாதிரி ஷோர்ட் ஈட்ஸ் கேட்காமலே ஒரு தட்டு நிறைய மேசைக்கு வரும். பயப்பட வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. வேண்டாததைத் தொட்டுப் பார்த்து வைக்காதீர்கள், அடுத்த மேசைக்குப் போவதும் அதே தட்டுத்தான்.

பிந்தித்தான் வருவீர்கள் என்றால் பன்னிரண்டரைக்குச் சோற்றுக்கே போங்கள். சோறும் மரக்கறியும் திரும்பப் போடுவார்கள். மீன், இறைச்சி இரண்டாந்தரம் கேட்டால் தனிக் காசு. புரியாணிக்குக் கல்லடிப் பாலம் தாண்டிக் கல்முனை வீதியில் காத்தான்குடி. முஸ்லிம் ஊர் என்பதால் நோன்பு மாதத்தில் பகலில் அங்கே போய்ப் பயனில்லை.

சின்னக் கடைக்குச் சில்லறைத் தாளோடு போங்கள். காலையிலேயே ஐயாயிரம் ரூபாவை நீட்டினால் மிச்சக் காசு தேடிப் பக்கத்துக் கடைக்கு ஓடுவான் வேலைக்காரப் பொடியன். சுற்றுலா ஹோட்டல்களில் கார்ட் எடுப்பார்கள், ஆனால் மெனு விலைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் (VAT) வரியும் ஏறலாம். ஓடர் கொடுக்க முதல் கேளுங்கள்.

கடைசியில் எருமைத் தயிர். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சுவதும் அந்தக் கட்டிக்கு ஒரு காரணம். சட்டியை மெல்லச் சரித்தால் தயிர் அசையக்கூடாது, ஓரத்தில் தண்ணி நின்றால் வேறு சட்டி கேளுங்கள். தயிரோடு தரும் பாணியை, அதாவது இனிப்புப் பாகை, சட்டிக்குள் ஊற்றாமல் கோப்பையில் போட்ட பிறகு ஊற்றுங்கள். இனிப்புப் பட்ட தயிர் தண்ணி விடும், மிச்சம் பின்னேரத்துக்கு உதவாது.